பூக்காத பதினோரு வருடங்கள்

2006 செப்டம்பர். கொடைக்கானல் மேல்மலையில் ஒரு திருப்பத்தில் எங்கள் வேன் நின்றது. எதிர்ச்சரிவு முழுக்க நீலம். வேனில் இருந்த பதினான்கு பேரும் இறங்கி ஓடினோம். அத்தை கோயிலுக்குள் நுழைவது போல செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் பறிக்க ஆரம்பித்தோம்.

நான் பூவோடு நிற்கவில்லை, ஒரு முழ நீளத்துக்குக் கிளையையே ஒடித்தேன். தண்டு நான்கு பட்டையாக இருந்தது, விரலுக்குள் உருளவில்லை. நார் இழுத்துக்கொண்டு வந்ததால் முறுக்கித்தான் பிய்க்க வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன். வத்தலக்குண்டு இறங்குவதற்குள் மணிமணியாக நின்ற பூவெல்லாம் துவண்டு, வெளுத்த துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. திண்டுக்கல்லில் டீ குடித்துவிட்டுக் காகிதக் கப்புகளோடு சேர்த்து அதையும் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

குறிஞ்சிப் பூ ஒன்று காயாக மாறினால் அதற்குள் பெரும்பாலும் நான்கு விதை இருக்கும். நான் ஒடித்த கிளையில் முப்பது பூவாவது இருந்திருக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடம் காத்திருந்து, ஒரே ஒருமுறை பூத்து, விதை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகிற செடி அது. இந்த ஆண்டு போனால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே அதற்குக் கிடையாது. இது எனக்கு அப்போதே தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தெரிந்தேதான் ஒடித்தேன்.

என் ஒருவனுடைய பாவக்கதையைச் சொல்லி மனத்தை லேசாக்கிக்கொள்ள இதை எழுதவில்லை. அன்று அந்தத் திருப்பத்தில் ஐந்தாறு வேன்கள் நின்றன. எல்லா டேஷ்போர்டிலும் நீலம் இருந்தது. இந்தக் கட்டுரையில் 'நாம்' என்று வரும் இடமெல்லாம் அந்த வேன்களில் வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேனில் வராதவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.

பெயர் விஷயத்தில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. நிலத்தை ஐந்தாகப் பிரித்து, மலைக்கு இந்தப் பூவின் பெயரையே வைத்தவர்கள் நாம். கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்திய பாட்டுக்குக் குறிஞ்சிப்பாட்டு என்றே பெயர். பண்ணில் குறிஞ்சி உண்டு. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்த பிறகு ஒரு தலைமுறையே பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தது. ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித் தேன்' எழுதினார். நகர்களுக்கும் விடுதிகளுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் இதே பெயர்தான். மேடையில் ஒருவர் கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட 'குறிஞ்சி மலர் போல அபூர்வமாக வருகை தந்திருக்கும்' என்று சால்வை போர்த்துகிறோம்.

இத்தனை பேச்சுக்கும் நடுவே, பூ இல்லாத நாளில் குறிஞ்சிச் செடியைக் காட்டி இது என்ன செடி என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நான் சொல்லியிருக்க மாட்டேன். 2006இல் கிளையை ஒடித்த கையால் 2010இல் அதே செடியின் பிள்ளையைத் தொட்டிருந்தால், ஏதோ புதர் என்றுதான் விலக்கிவிட்டு நடந்திருப்பேன். சங்கப் புலவர்கள் இதன் தண்டு கரியது என்பதைக் கவனித்துப் பாட்டில் வைத்தார்கள். தேனீ இதன் பூவைத் தேடி வருவதையும் பார்த்திருந்தார்கள். அவர்கள் பார்த்த செடியை நாம் உவமையாக மட்டும் வைத்திருக்கிறோம்.

முதுவர் பழங்குடியினர் இந்தப் பூவை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. எத்தனை குறிஞ்சி கண்டவர் என்று கேட்டால் வயது தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் வயது சொல்ல வேண்டுமானால், பூக்காத ஆண்டுகளிலும் செடி எங்கே நிற்கிறது, எப்படி இருக்கிறது என்று கண் வைத்திருக்க வேண்டும். நமக்கு அந்தக் கண் இல்லை. 1994, 2006, 2018 என்று எண்களை ஒப்பிப்போம். அடுத்தது 2030 என்றும் சொல்வோம். இரண்டு எண்களுக்கு நடுவில் மலையில் என்ன நடந்தது என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும்.

நடந்தவை நிறைய. அதில் பெரும்பாலானவை நம் பெயரில்தான் நடந்தன.

குறிஞ்சிக்கு வீடு சோலை இல்லை. சோலையை ஒட்டிய திறந்த புல்வெளிதான் அதன் வீடு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1300 முதல் 2400 மீட்டர் வரையுள்ள சரிவுகளில், வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் அது வளரும். மேலிருந்து பார்த்தால் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்லும் என்று மலை இரண்டு நிறத்தில் இருக்கும். அந்தப் புல்லை வெள்ளைக்காரன் வீண் நிலம் என்று எழுதினான். அவன் போன பிறகு நாம் அந்தப் பதிவேட்டைத் திருத்தவில்லை. மரம் இல்லாத மலை மொட்டையாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டுத் தைலமரத்தையும், சீகை என்று நாம் சொல்லும் வாட்டிலையும், பைனையும் நட்டோம்.

இவற்றில் தைலமரமும் வாட்டிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விறகுக்காக நீலகிரிக்கு வந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் பெரிய அளவில் பரவின. தோல் பதனிட வாட்டில் பட்டை தேவைப்பட்டது, ரேயான் ஆலைக்குக் கூழ் தேவைப்பட்டது. அது வளர்ச்சித் திட்டம். வேலை கிடைத்தது, லாரி ஓடியது, யாரும் எதிர்க்கவில்லை. தொழிற்சாலைத் தேவை குறைந்த பிறகும் வாட்டில் நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். வெட்டிய இடத்திலேயே ஒன்றுக்குப் பத்தாக வந்தது. பழனி மலைத் தொடரைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் எழுதினார்கள். போனதற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: மரத்தோட்டமும் விவசாயமும்.

மூன்றில் இரண்டு பங்கு. ஒரு வீட்டில் மூன்று அறை இருந்து இரண்டு அறை இடிந்து விழுந்தால் நமக்குத் தெரியாமல் போகுமா? மலையில் தெரியாமல் போனது. ஏனென்றால் அந்த இடத்தில் பச்சை இருந்தது. பச்சையைப் பார்த்தால் காடு என்று நினைத்துக்கொள்வது நம் பழக்கம். கொடைக்கானல் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத தேனிலவுத் தம்பதி உண்டா? நம் சினிமாக்காரர்கள் அங்கே பாட்டு எடுத்தார்கள், நாம் அங்கே போய் நின்றோம். அந்த மரங்களின் கீழே தரையைக் குனிந்து பார்த்தால் ஊசி இலைச் சருகைத் தவிர அதிகம் எதுவும் தென்படாது. நாம் குனியவில்லை.

மரம் நடும் விழாக்களில் நாம் எல்லோருமே நின்றிருக்கிறோம். நானும் ஒரு பள்ளி மாணவர் முகாமில், மலைச்சரிவில் குழி தோண்டிக் கன்று வைத்திருக்கிறேன். கைதட்டினார்கள், வடை கொடுத்தார்கள். அந்தக் குழிகளில் சில, குறிஞ்சி வேர் இருந்த இடத்தில் தோண்டப்பட்டிருக்கலாம். தோண்டும்போது எந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

குறிஞ்சியின் பெயரிலேயே ஒரு சரணாலயம் இருக்கிறது. அது தமிழ்நாட்டில் இல்லை. கேரள அரசு 2006இல், குறிஞ்சி பூத்த அதே ஆண்டில், இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில் வட்டவடை, கொட்டக்கம்பூர் பகுதிகளில் சுமார் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலைச் சரணாலயம் என்று அறிவித்தது. அதே ஆண்டில் இந்திய அஞ்சல் துறை குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்டது. மற்ற சரணாலயங்களோடு ஒப்பிட்டால் இது சின்ன இடம். பக்கத்திலேயே இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர்.

வட்டவடைக்கு நம் ஆட்கள் யாரும் அந்நியர்கள் இல்லை. அங்கே கடையில் தமிழ், வயலில் தமிழ், கோயில் திருவிழாவில் தமிழ். முட்டைக்கோஸும் கேரட்டும் பூண்டும் விளைகிற படிக்கட்டு வயல்கள். அந்த மலைகளின் கிழக்குச் சரிவில் பெய்கிற மழை பாம்பாற்றின் வழியாக அமராவதிக்கு வருகிறது. உடுமலைப்பேட்டையிலும் தாராபுரத்திலும் கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்கிற தண்ணீரில் அந்தப் புல்வெளி பிடித்துவைத்த மழையும் கலந்திருக்கிறது. மழைக்காலத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது புல்வெளியின் வேலை. அந்த மேட்டில் தைலமரம் நின்றால் நீர் எங்கே போகும் என்று அமராவதிப் பாசனத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் குறிஞ்சிமலை என்ற சொல்லே நம் பத்திரிகைகளில் கேரளச் செய்தியாகத்தான் வந்துபோனது.

அறிவிப்பு வந்ததே தவிர எல்லை முடிவாகவில்லை. யாருடைய நிலம் உள்ளே, யாருடையது வெளியே என்பதில் சண்டை. தலைமுறையாக உழுதவர்களிடம் முறையான ஆவணம் இல்லை. வெளியூரிலிருந்து வந்து போலி ஆவணத்தில் ஏக்கர் ஏக்கராக வாங்கிப்போட்டவர்கள்மீது புகார். வாங்கியவர்கள் வேகமாக வளரும் தைலமரத்தை நட்டு நிலம் தங்களுடையது என்று காட்டினார்கள் என்பதும் புகார். 2017இல் சரணாலயத்தின் பரப்பைக் குறைக்கலாமா என்ற பேச்சு எழுந்து பெரிய சர்ச்சையானது. 2018இல் குறிஞ்சி மறுபடி பூத்தபோதும் எல்லைக் கணக்கு முடிந்திருக்கவில்லை. ஒரு செடி விதையிலிருந்து முளைத்து, வளர்ந்து, பூத்து முடிகிற காலத்தில் நம்மால் ஒரு 32 சதுர கிலோமீட்டரை அளந்து முடிக்க முடியவில்லை.

2018 அக்டோபரில் போடிமெட்டு ஏறி மூணாறு வழியாக வட்டவடை போனேன். ஆகஸ்டு பெருவெள்ளம் சாலைகளைக் கடித்துத் தின்றிருந்தது. மழையில் பூ கெட்டுப்போனது என்றார்கள், சில சரிவுகளில் மட்டும் நீலம் திட்டுத்திட்டாக இருந்தது. பூண்டு வயலின் ஓரத்தில் நின்ற ஒரு பெரியவரிடம், சரணாலயம் வந்தது உங்களுக்கு நல்லதுதானே ஐயா என்று கேட்டேன். நகரத்து மனசாட்சியோடு கேட்ட கேள்வி.

"பூ பூத்தா மந்திரி வருவாரு தம்பி. டிவிக்காரங்க வருவாங்க. நீங்களும் வந்துட்டீங்க. பூ உதிர்ந்துட்டா சர்வேயர்கூட எட்டிப் பாக்கமாட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க நெலம் உள்ளயா வெளியவான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. மத்ததெல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவரைப் போன்றவர்களை ஊருக்குக் கெட்டவர்களாகவும் பூவுக்கு எதிரிகளாகவும் நினைத்துக்கொண்டுதான் மலையேறியிருந்தேன். கீழே நகரத்தில் உட்கார்ந்து சரணாலயத்தை ஆதரிப்பது சுலபம், நமக்கு அதில் ஒரு சென்ட் நிலமும் போகப்போவதில்லை. சிறு விவசாயியின் அச்சத்தையும் பெரிய ஆளின் ஆக்கிரமிப்பையும் பிரித்துப் பார்க்காமல், இரண்டையும் 'மக்கள் எதிர்ப்பு' என்ற ஒரே சாக்கில் கட்டி வைத்தோம். அந்தக் குழப்பம் யாருக்கு லாபம் என்று யோசிக்கவில்லை. அங்கே பேசப்படுவது நம் மொழி. அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவர்களில் நாமும் உண்டு. பேசவில்லை.

இந்த விஷயத்தில் நாம் செய்ய வேண்டிய வேலையை வேறு யாரோதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டியது மேல்நாட்டில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஓர் அம்மையார். குறிஞ்சியைக் காப்பாற்றுங்கள் என்று கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குக் காட்டுவழியில் நடந்தவர்களில் முன்னே நின்றவர்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள். பழனி மலையின் தாவரங்களை ஒன்றுவிடாமல் பதிவுசெய்து பெரிய நூலாக்கியவர் கே. எம். மேத்யூ என்ற பாதிரியார். வட்டக்கானலில் நாற்றங்கால் போட்டு, சோலைச் செடிகளை விதையிலிருந்து வளர்த்து, மலைக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த பாப் ஸ்டீவர்ட், டான்யா பால்கர் தம்பதி. இவர்களோடு சேர்ந்து உழைத்த தமிழர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் சிலர். நாம் கோடிக்கணக்கில் இருக்கிறோம்.

நாம் என்ன செய்தோம்? கோயிலுக்குப் போய் விபூதி வாங்கினோம், பின்பக்கத் திட்டில் நின்று பழனியும் வைகை அணையும் தெரிகிறதா என்று பார்த்தோம். சுற்றிலும் இருந்த செடியைப் பார்த்து, "பூ இல்லையா? அப்போ இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீழே வந்து சாக்லேட் வாங்கினோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று குறிஞ்சி வயது ஆனது. 2022இல், வட்டவடைப் பக்கம் எந்தப் பூவும் எதிர்பார்க்க முடியாத ஆண்டில், மறுபடி அங்கே போனேன். ஒரு சரிவின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல்முறையாகக் குறிஞ்சிச் செடியைப் பார்த்தேன். நான்கு வயதுச் செடி. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே உயரம். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டு. ஓரம் ரம்பம் போல் வெட்டுவிட்டது. நரம்புகள் ஆழமாகப் பதிந்து, இலையை மடித்து இஸ்திரி போட்டதுபோல் வரிவரியாக இருந்தன. அடிப்பக்கம் வெளிர். தண்டை விரலில் பிடித்தேன். நான்கு பட்டை. பதினாறு வருடத்துக்கு முன்னால் என் விரலுக்குள் உருள மறுத்த அதே தண்டு.

அந்த இடத்தில் நெருக்கமாக நூறு செடியாவது இருந்திருக்கும், எல்லாம் ஒரே உயரம், ஒரே வயது. 2018இல் பூத்துச் செத்த தாய்ச் செடிகளின் கட்டைகள் சில இன்னும் மக்காமல் கறுத்து நின்றன. பூ முடிந்ததும் செடி காய்ந்துவிடும். காய் முற்றி வெடித்து விதையைத் தெறிக்கவிடும். மழை வந்தால் முளைக்கும். ஒரே ஆண்டில் மலை முழுக்க விதை கொட்டுவதால், தின்ன வருகிற எலியும் பூச்சியும் தின்றது போக மிச்சம் இருக்கும் என்பது தாவரவியலாளர்கள் சொல்லும் விளக்கம். கூட்டமாகப் பூப்பதுதான் அதன் காவல். கூட்டம் குறைந்தால் காவலும் போய்விடும். மேல்மலையில் எங்கள் ஐந்தாறு வேன்கள் பறித்தது ஒரு பங்கு, தீ ஒரு பங்கு, வாட்டில் நிழல் ஒரு பங்கு என்று போய்க்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் எலிக்கு மட்டும் போதுமான விதைதான் இருக்கும்.

அப்போதுதான் உறைத்தது. குறிஞ்சியின் தலையெழுத்து பூக்கும் ஆண்டில் தீர்மானமாவதில்லை. பூத்ததற்கு அடுத்த கோடையில், காய்ந்த கட்டைகள் பற்றி எரிகிறதா இல்லையா என்பதில் தீர்மானமாகிறது. மூன்றாம் ஆண்டில், நாற்றுக்கு நடுவே வாட்டில் முளைத்ததைப் பிடுங்க ஆள் போனதா என்பதில் தீர்மானமாகிறது. ஆறாம் ஆண்டில் ஒரு கோப்பு நகர்ந்ததா, ஒன்பதாம் ஆண்டில் ஒரு பொக்லைன் ஏறியதா என்பதில் தீர்மானமாகிறது. அந்தப் பதினோரு வருடமும் நாம் ஊரில் இல்லை. பன்னிரண்டாம் வருடம் கேமராவோடு போய் நிற்கிறோம்.

பத்திரிகைக்காரர்களான எங்கள் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். குறிஞ்சி சேர்ந்த 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' என்ற தாவரப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும், சில ஏழு வருடத்துக்கு ஒருமுறை, சில இன்னும் தள்ளி. எந்த மலையில் நீலமாக எது பூத்தாலும் 'பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்தது' என்று தலைப்புப் போட்டோம். எது, எந்த வகை, எப்போது பூத்தது என்று ஒரு தாவரவியல் துறைக்குப் போன் போட்டுக் கேட்கும் ஐந்து நிமிடம் எங்களிடம் இல்லை. இடத்தின் பெயரையும் வழியையும் மட்டும் சரியாகப் போட்டோம். 2022இல் இடுக்கியின் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் நீலம் விரிந்தபோது, தமிழ்நாட்டிலிருந்தும் வண்டிகள் வரிசைகட்டின. மலையேறிய கூட்டம் கீழே இறங்கியபோது தண்ணீர் பாட்டில்களையும் நெகிழிப் பைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது. செய்தி போட்டவர்களில் நானும் ஒருவன். பாட்டில் படத்தையும் அடுத்த வாரம் நாங்களே போட்டோம், 'சுற்றுலாப் பயணிகள் அட்டூழியம்' என்று.

சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்பட்ட மூன்றாம் அட்டவணையில் குறிஞ்சி இருக்கிறது. பறித்தாலும் அழித்தாலும் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. 2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், ஐயூசிஎன், இதை அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று சிவப்புப் பட்டியலில் வகைப்படுத்தியது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கக் கொள்கை வெளியிட்டது. மேல்பழனியிலும் நீலகிரியிலும் வாட்டிலை எடுத்துவிட்டுப் புல்லை மீட்கும் முயற்சிகள் நடக்கின்றன. வட்டவடைக்கு அருகே ஆனைமுடிச் சோலைப் பகுதியில், எரிந்துபோன வாட்டில் தோட்டத்தில் ஊர்க்காரர்களே புல் நட்டு வளர்க்கிறார்கள். புல்லை நடுவது மரம் நடுவது போல விழா எடுக்கிற காரியமில்லை. குனிந்து, கொத்தி, ஒவ்வொரு தூறாக வைக்க வேண்டும். அடுத்த வருடம் அதே இடத்துக்கு வந்து மறுபடி முளைத்த வாட்டிலைப் பிடுங்க வேண்டும். அதற்கடுத்த வருடமும்.

சட்டம் வந்ததால் நம் கணக்கு முடிந்துவிடாது. 2006இல் எங்கள் வேனைப் பிடித்து அபராதம் போட்டிருந்தால் கட்டியிருப்போம், கூடவே மலையைத் திட்டியிருப்போம். யாரும் பிடிக்காத பதினோரு வருடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதற்குச் சட்டத்தில் அட்டவணை இல்லை.

குறிஞ்சி என்று பெயர் வைத்த பள்ளிகள் நம்மிடம் ஏராளம். ஒரு பள்ளியாவது பூ இல்லாத ஆண்டில் மாணவர்களை மேல்மலைக்கு அழைத்துப்போய், வனத்துறை அனுமதியோடு, ஒரு சதுர மீட்டர் சரிவில் எத்தனை செடி இருக்கிறது என்று எண்ணச் சொல்லலாம். வருடா வருடம் அதே இடத்தை அடுத்த வகுப்பு எண்ணட்டும். அமராவதிப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் அணையின் நீர்மட்டத்தோடு மலைப் புல்வெளியையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். வட்டவடைச் சிறு விவசாயியின் நிலம் உள்ளேயா வெளியேயா என்பதைச் சொல்லுங்கள் என்று கேட்பதில் நம் குரலும் சேரலாம். அந்தப் பதில் கிடைத்தால்தான் ஆக்கிரமித்தவர் யார், உழைத்தவர் யார் என்று பிரிக்க முடியும். பத்திரிகைகள் 2030 செப்டம்பருக்கென்று இப்போதே அட்டைப்படத்தை யோசிப்பதை விட்டு, வருடத்துக்கு ஒரு பக்கம் எழுதலாம். முதல் பக்கத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அடுத்து மலை நீலமாகப் போவது 2030இல். அதற்கு முன் ஒருமுறை போங்கள். பூ இருக்காது, கூட்டம் இருக்காது, வழியில் கடைகூட இருக்காது. பாதையை விட்டு இறங்காமல், சரிவின் ஓரத்தில் உட்கார்ந்து, வரிவரியான அந்த இலையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தண்டு நான்கு பட்டையாக இருந்தால் அது குறிஞ்சியாக இருக்கலாம். ஒடிக்காமல் எழுந்து வாருங்கள்.